கதை திரும்பி வந்தால்: நெல்லைச் சீமையில் புதிதாக எழுத வருகிறவர்களுக்கு

முதல் கதையை ஒரு இதழுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் பிள்ளைகள் அம்பாசமுத்திரத்திலும் ஆலங்குளத்திலும் வள்ளியூரிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு வரப்போவது மறுப்புதான். பலருக்குப் பதிலே வராது. அதற்குப் பிறகு சிலர் ‘நமக்கு இது வராது’ என்று எழுத்தையே விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் ‘அவங்க ஆள் பாத்துத்தான் போடுவாங்க’ என்று, ஒரு வரியும் மாற்றாத அந்தக் கதையோடு கசந்துபோய் உட்கார்ந்துவிடுகிறார்கள். இரண்டு பேருமே மறுப்புக் கடிதத்தைக் கதையைப் பற்றிய விமர்சனமாக எடுத்துக்கொண்டவர்கள்.

ஆசிரியர் அனுப்பும் மறுப்பில் கதையைப் பற்றிய சேதி அநேகமாக எதுவும் இருக்காது. இந்த இதழில் இந்தக் கதை வராது என்பது மட்டும்தான் அதில் உறுதி. கதையில் என்ன குறை, அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதை வேறு ஆட்களிடம் நாமாகப் போய்த்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு ஒரு முறை இருக்கிறது. பழகினால் யாருக்கும் வரும்.

விளக்கத்துக்காக ஒரு கதையை வைத்துக்கொள்வோம். முக்கூடலில் பீடி சுற்றும் செல்வி. அவள் சுற்றிக் கொண்டுபோன பீடியில் பாதியைத் தரமில்லை என்று கடையில் கழித்துப் போட்டுவிடுகிறார்கள். அன்றைக்கு மகளுக்குக் கல்லூரிப் பணம் கட்டக் கடைசி நாள். எட்டுப் பக்கக் கதை. அனுப்பினீர்கள், திரும்பி வந்துவிட்டது.

மறுப்பு வந்த அன்று

ஆசிரியருக்குப் போன் போட வேண்டாம். ‘ஏன் என்று சொல்ல முடியுமா’ என்று மின்னஞ்சல் அனுப்ப வேண்டாம். முகநூலில் எழுத வேண்டாம். அந்த இரவே கதையைத் திறந்து திருத்தவும் வேண்டாம். வலியோடு திருத்தினால் நல்ல வரிகளைத்தான் முதலில் வெட்டுவோம்.

செய்ய வேண்டியது ஒரு நோட்டில் ஐந்து தகவல்களைக் குறிப்பது மட்டும்: கதையின் பெயர், அனுப்பிய இதழ், அனுப்பிய தேதி, பதில் வந்த தேதி, பதிலில் இருந்த சொற்கள் அப்படியே. ஒரு வருஷம் கழித்து இந்த நோட்டு மிகவும் உதவும். எந்த இதழ் பதில் போடுகிறது, எது போடுவதில்லை, எந்தக் கதை எங்கெங்கே போய்வந்தது என்பதையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது.

பிறகு, இரண்டு மூன்று நாள் போகட்டும், பதிலை மறுபடி படியுங்கள். ‘பிரசுரிக்க இயலவில்லை, தொடர்ந்து எழுதுங்கள்’ என்ற பொது வரி என்றால் அதற்குள் அர்த்தம் தேடவே கூடாது. எல்லோருக்கும் போகிற வரி அது. உங்கள் கதையை மட்டும் குறித்து ஒரே ஒரு வாக்கியம் இருந்தால், உதாரணமாக ‘முடிவு அவசரமாக இருக்கிறது’ என்று இருந்தால், அது பெரிய விஷயம். நூற்றுக்கணக்கில் கதை பார்க்கிற ஒருவர் உங்களுக்காக நின்று எழுதிய வாக்கியம் அது. நோட்டில் அதை அடிக்கோடிட்டு வையுங்கள். ‘இந்த இடத்தை மாற்றி அனுப்பினால் பார்க்கிறோம்’ என்று வந்தால் அது மறுப்பே கிடையாது. இதைச் சொல்லக் காரணம், இப்படிப் பதில் வந்தும் மனம் உடைந்து திரும்ப அனுப்பாமலே விட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். மாற்றுவதில் உங்களுக்குச் சம்மதம் என்றால் சில வாரங்களுக்குள் மாற்றி, பழைய மின்னஞ்சலின் தொடர்ச்சியாகவே அனுப்புங்கள்.

பதிலே வரவில்லையா? இதழ் சொல்லியிருக்கும் காலம் முடிந்ததும் ஒரு நினைவூட்டல் அனுப்பலாம். காலம் எதுவும் சொல்லவில்லை என்றால் மூன்று மாதம் பொறுக்கலாம். நினைவூட்டலுக்கும் பதில் இல்லையென்றால், ‘இந்தக் கதையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்’ என்று இரண்டு வரி எழுதிவிட்டு அடுத்த இதழைப் பாருங்கள். அந்த இரண்டு வரியை எழுதாமல் வேறு இடத்துக்கு அனுப்பி, இரண்டு இதழிலும் ஒரே மாதத்தில் கதை வந்துவிட்டால் இரண்டு ஆசிரியர்களின் நம்பிக்கையும் போய்விடும்.

கதையின் தரத்துக்குத் தொடர்பில்லாத காரணங்கள் எத்தனையோ உண்டு. தீபாவளி மலருக்கான கதைகளைப் பண்டிகைக்கு ரொம்ப முன்னாலேயே முடிவு செய்துவிடுவார்கள். பீடிக் கதை ஒன்றைச் சென்ற இதழில்தான் போட்டிருப்பார்கள். வார இதழ் ஒன்றில் உங்கள் எட்டுப் பக்கத்துக்கு இடமே இருக்காது. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ இன்றைக்குத் தமிழின் முக்கியமான நாவல்களில் ஒன்றாக வைத்துப் பேசப்படுகிறது. அவர் அதை எழுதியது 1962 வாக்கில். புத்தகமாக வந்தது 1972இல். அந்தப் பத்து வருஷத் தாமதம் நாவலின் தகுதியைப் பற்றி நமக்கு எதையும் சொல்வதில்லை. ஆனால் அவரிடமிருந்து மூன்றாவது நாவல் வரவே இல்லை என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஒரு கதை வெளியே போயிருக்கும்போது அடுத்த கதையில் கை இருக்க வேண்டும் என்று புதியவர்களிடம் வற்புறுத்துவது இதனால்தான்.

அனுப்பிய விதத்தைச் சரிபாருங்கள்

இது சின்ன வேலை. கதை யூனிகோடு எழுத்துருவில், வேர்டு கோப்பாக இருக்க வேண்டும். பழைய டிடிபி எழுத்துருவில் அடித்திருந்தால் எதிர்முனையில் வெறும் குறியீடுகளாகத் தெரியும், மாற்றிவிட்டு அனுப்புங்கள். கையால் எழுதிய பக்கங்களைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதை எந்த ஆசிரியரும் விரும்புவதில்லை. கோப்பின் பெயரில் கதைத் தலைப்பும் உங்கள் பெயரும் இருக்கட்டும். மின்னஞ்சலில் நான்கு வரி போதும்: கதையின் பெயர், ஏறத்தாழ எத்தனை சொற்கள், இது வேறெங்கும் வெளியாகவில்லை என்ற உறுதி, உங்கள் முகவரியும் கைபேசி எண்ணும். கதை எதைப் பற்றியது என்று விளக்கம் எழுத வேண்டாம்.

முகநூலில் முழுக் கதையையும் போட்டுவிட்டு இதழுக்கு அனுப்பினால், ஏற்கெனவே வெளியான கதை என்றுதான் பல இதழ்கள் எடுத்துக்கொள்ளும். கருத்துக் கேட்பதற்காகக் கூட அங்கே போடாதீர்கள்.

யாரிடம் படிக்கக் கொடுப்பது

வில்லுப்பாட்டில் குடத்துக்காரர் ‘ஆமா’ போட்டால்தான் பாட்டு நகரும். கதைக்கு அந்த ‘ஆமா’ உதவாது. அம்மாவிடமும் வீட்டுக்காரரிடமும் கூடப் படித்த கூட்டாளியிடமும் கதையைக் காட்டலாம், காட்டத்தான் வேண்டும். அவர்கள் தருவது அன்பு. அதை அன்பாகவே வாங்கிக்கொள்ளுங்கள். விமர்சனம் என்று எடுத்துக்கொண்டால் அவர்களுக்கும் பாரம், உங்களுக்கும் பாரம்.

விமர்சனத்துக்கு மூன்று வகை ஆட்கள் வேண்டும்.

முதலாவது ஆள், கதைகள் நிறையப் படிக்கிறவர். எழுதுகிறவராக இருக்க வேண்டிய அவசியமில்லை. பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்திலோ உங்கள் ஊர்க் கிளை நூலகத்திலோ வாரம் தவறாமல் நாவல் மாற்ற வருகிற ஒருவர் கட்டாயம் இருப்பார். நூலகரிடம் கேட்டால் சொல்வார். ஓய்வுபெற்ற ஆசிரியராக இருக்கலாம், தபால் ஆபீஸ்காரராக இருக்கலாம், கடையில் நிற்கிற தம்பியாக இருக்கலாம். இவருக்கு உங்களைத் திருப்திப்படுத்த வேண்டிய கட்டாயம் இல்லை. அலுப்புத் தட்டினால் புத்தகத்தை மூடிப் பழகியவர். அந்தப் பழக்கம்தான் நமக்கு வேண்டியது.

இரண்டாவது ஆள், கதை நடக்கும் உலகத்தைச் சேர்ந்தவர். செல்வி கதையைப் பீடி சுற்றுகிற ஒரு அக்காவுக்கோ ஆச்சிக்கோ படித்துக் காட்டுங்கள். இலக்கியம் பற்றி அவர் எதுவும் சொல்ல மாட்டார். ஆனால் செல்வி விடியக்காலையில் எழுந்ததும் இலை வெட்ட உட்காருகிறாள் என்று நீங்கள் எழுதியிருந்தால், ‘ஏய்யா, எலைய நனைக்காம எப்பிடி வெட்டுவா அவ? ஒடிஞ்சு போகும்லா’ என்று கேட்பார். அந்த ஒரு கேள்வி கதையைக் காப்பாற்றும். நனைத்துப் பதப்படுத்திய இலையில்தான் கத்தரி ஓடும் என்று தெரிந்தவர்கள் இந்த மாவட்டத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் கதையைப் படித்து ‘இவனுக்கு ஒண்ணும் தெரியாது’ என்று நினைத்துவிட்டால், செல்வியின் கண்ணீரையும் அவர் நம்ப மாட்டார்.

மூன்றாவது ஆள், எழுதுகிறவர். உங்களுக்கு மூத்தவராகவும் இருக்கலாம், உங்களைப் போலவே தொடங்கியிருப்பவராகவும் இருக்கலாம். கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் ஒரே ஊர், இடைசெவல். பிறந்ததும் ஒரே வருஷம், 1923. சிறு வயது முதலே நண்பர்கள். ஒருவர் ஊரை விட்டுப் போன பிறகும் கடிதத்தில் அந்த நட்பு தொடர்ந்தது. அழகிரிசாமி எழுதிய கடிதங்கள் புத்தகமாகவே வந்திருக்கின்றன. எழுத்தைப் பற்றி உண்மையைப் பேசிக்கொள்ள ஒரு சேக்காளி கிடைப்பது பெரிய வரம். உங்கள் ஊரிலேயே அவர் கிடைக்காவிட்டால், பக்கத்து ஊரில் தேடலாம்.

தேடும் இடங்கள் இங்கே குறைவில்லை. தமுஎகச (தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம்), கலை இலக்கியப் பெருமன்றம் போன்ற அமைப்புகளின் கூட்டங்கள், கல்லூரித் தமிழ்த்துறைகள், பொருநை நெல்லை புத்தகத் திருவிழாவின் மாலை நிகழ்ச்சிகள். ஒன்று மட்டும் சொல்கிறேன். மேடை போட்டுப் பொன்னாடை போர்த்தும் கூட்டத்தில் உங்கள் அச்சேறாத கதைக்கு விமர்சனம் கிடைக்காது. அங்கே போவது வேறு காரியத்துக்கு: கூட்டத்தில் யார் எழுந்து கூர்மையாகக் கேள்வி கேட்கிறார் என்று பார்த்து வைப்பதற்கு. முடிந்ததும் அவரிடம் போய்ப் பேசுங்கள்.

கூட்டங்கள் பெரும்பாலும் மாலையில், பாளையங்கோட்டையிலோ ஜங்ஷன் பக்கமோ நடப்பதால், கடையத்திலிருந்தோ திசையன்விளையிலிருந்தோ வரும் பெண்களுக்குக் கடைசி பஸ் கவலை வந்துவிடுகிறது. வீட்டில் பதில் சொல்லவும் வேண்டியிருக்கிறது. இது திறமையைத் தடுக்கிற நிஜமான தடை. அவர்களுக்குப் போன் வழியே நல்லது. ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்கும் ஒரு மணி நேரம், பகலில், இருவருக்கும் தோதான நேரத்தில். கூட்டம் நடத்துகிறவர்கள் மாதத்தில் ஒன்றையாவது ஞாயிறு காலைக்கு மாற்றினால் எத்தனை பேர் வருவார்கள் என்று பார்க்கலாம்.

மூத்த எழுத்தாளரை அணுகும்போது முதலில் அவர் புத்தகத்தில் ஒன்றையாவது படித்திருங்கள். அனுமதி கேட்காமல் கதையை அனுப்பாதீர்கள். நாவல் வேண்டாம், ஒரு சிறுகதை. இப்படி எழுதலாம்: ‘வணக்கம் அண்ணாச்சி. நான் முக்கூடல். உங்கள் தொகுப்பைப் படித்தேன். எட்டுப் பக்கத்தில் ஒரு கதை எழுதியிருக்கிறேன். உங்களுக்கு நேரம் இருந்தால் அனுப்பலாமா? படிக்கும்போது எந்த இடத்தில் கதை உங்களை விட்டுப்போகிறது என்று மட்டும் சொன்னால் போதும். முடியாவிட்டாலும் பரவாயில்லை.’ பதில் வராவிட்டால் ஒரு முறை நினைவூட்டலாம். இரண்டாம் முறை வேண்டாம்.

விமர்சகர் தி.க.சி. (தி.க. சிவசங்கரன்), திருநெல்வேலி டவுன் சுடலைமாடன் கோயில் தெருவில் இருந்துகொண்டு, புதிதாக எழுத வந்தவர்களுக்கெல்லாம் அஞ்சலட்டை போட்டுக்கொண்டே இருந்தார். 2014இல் அவர் காலமானபோது அந்த அட்டைகளைப் பத்திரமாக வைத்திருந்தவர்கள் தமிழ்நாடு முழுக்க இருந்தார்கள். ஒரு அட்டையில் கொள்ளும் அளவுதான் கருத்து. நீங்களும் மூத்தவரிடம் அவ்வளவே கேளுங்கள். கேட்பது சிறியதாக இருந்தால் கிடைக்கும் வாய்ப்பு கூடும்.

கதையைக் கொடுத்தால் திருடிவிடுவார்களோ என்ற பயம் புதியவர்கள் பலருக்கு இருக்கிறது. இந்தியாவின் 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதிய கணத்திலேயே உரிமை உங்களுடையது. பதிவு செய்வது கட்டாயமில்லை. உங்கள் ஆயுள் முழுக்கவும் அதற்குப் பின் 60 வருஷமும் அது நிற்கும். மின்னஞ்சலில் அனுப்பினால் தேதியும் பதிவாகிவிடுகிறது. தைரியமாகக் கொடுங்கள்.

என்ன கேட்பது

‘கதை எப்படி இருக்கு?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கு’ என்றுதான் வரும். நம்மூரில் முகத்துக்கு நேரே ‘நல்லா இல்லை’ என்று சொல்வதை மரியாதைக் குறைவாக நினைப்பார்கள். கேட்பவர் மனம் நோகுமே என்று நினைக்கிற நல்ல மனசு அது. அதைக் குறை சொல்ல முடியாது. ஆகவே கேள்வியைத்தான் மாற்ற வேண்டும். தீர்ப்புக் கேட்காதீர்கள். இடம் கேளுங்கள்.

‘எந்த இடத்துல கீழே வச்சீங்க?’

எனக்குத் தெரிந்து இதைவிடப் பயனுள்ள கேள்வி கிடையாது. இதற்குப் பதில் சொல்வதில் யாருக்கும் சங்கடம் இல்லை. ‘மூணாவது பக்கத்துல போன் வந்துது, அப்புறம் ராத்திரிதான் எடுத்தேன்’ என்பார் ஒருவர். போன் எட்டாவது பக்கத்திலும் வந்திருக்கலாம். கதை இழுத்துப் பிடித்திருந்தால் ‘அப்புறம் பேசுதேன்’ என்று வைத்திருப்பார். மூன்றாவது பக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள். காரணம் கேட்க வேண்டாம்.

கூடவே இன்னும் சில கேட்கலாம். எந்த இடத்தில் யார் பேசுகிறார்கள் என்று குழம்பியது? எந்த வரியைத் திரும்பப் படிக்க வேண்டியிருந்தது? படித்து ஒரு வாரம் ஆன பிறகு கதையில் என்ன ஞாபகம் இருக்கிறது? இந்தக் கடைசிக் கேள்வியை ஒரு வாரம் கழித்தே கேளுங்கள். செல்வியின் மகள் பெயர் மறந்திருக்கும். கழித்துப் போட்ட பீடிகளை அவள் முந்தானையில் அள்ளிக்கொண்டு வந்தது மட்டும் நினைவில் நிற்கிறது என்பார். கதை எங்கே இருக்கிறது என்று அப்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

காகிதப் பிரதியாகக் கொடுப்பது நல்லது. ஜெராக்ஸ் கடையில் பக்கங்களுக்கு எண் போட்டு, ஓரத்தில் இடம் விட்டு எடுத்து, ஒரு பென்சிலும் சேர்த்துக் கொடுங்கள். அலுத்த இடத்தில் ஒரு கோடு, புரியாத இடத்தில் ஒரு சுழி. எழுத்தில் எதுவும் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டால் தயங்குகிறவர்களும் ஒப்புக்கொள்வார்கள்.

வாய்விட்டு வாசிப்பதும் இந்த ஊருக்குப் பழசு. வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி.கே.சி. (டி.கே. சிதம்பரநாத முதலியார்) வீட்டில் கூடிய ‘வட்டத்தொட்டி’ என்ற இலக்கியக் கூட்டத்தில் கம்பன் பாட்டை உரக்கப் படித்துப் படித்துத்தான் ரசித்தார்கள். உங்கள் கதையை நீங்கள் வாசிக்காமல் வேறொருவரை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அவர் எங்கே தடுக்குகிறாரோ, எங்கே அவசரமாக ஓடுகிறாரோ, அங்கே வாக்கியத்தில் கோளாறு இருக்கிறது.

வட்டார வழக்கு

இந்தச் சீமையிலிருந்து எழுதுகிறவர்களுக்கு இது தனியாகப் பேச வேண்டிய விஷயம். ‘வட்டார வழக்கில் எழுதினேன், அதனால்தான் திருப்பிவிட்டார்கள்’ என்று பலர் நினைக்கிறார்கள். 1930களில் சென்னையிலிருந்து வந்த ‘மணிக்கொடி’ இதழின் காலத்திலேயே புதுமைப்பித்தன் நெல்லைப் பேச்சை அச்சில் ஏற்றிவிட்டார். கி.ரா. கரிசல் சொற்களுக்குத் தனி அகராதியே தொகுத்தார். வழக்குச் சொல் மட்டும் ஒரு கதையைக் கெடுத்துவிடாது. அந்தச் சொல் நிற்கும் வாக்கியம் அதைத் தாங்குகிறதா என்பதைப் பார்க்க வேண்டும்.

‘அங்கணத்தில் உட்கார்ந்து ஏனம் கழுவிக்கொண்டிருந்தாள்’ என்று எழுதினால், அங்கணமோ ஏனமோ தெரியாத கோயம்புத்தூர்க்காரருக்கும் ‘கழுவி’ என்ற சொல் வழிகாட்டிவிடும். ‘அங்கணத்தைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது’ என்று எழுதினால், நமக்கு அங்கே குவிந்து கிடக்கும் கழுவாத பாத்திரங்கள் கண்ணில் தெரிகின்றன. அவருக்கு ஒன்றும் தெரியாது. அந்த இடத்தில்தான் அவர் கதையைக் கீழே வைப்பார். பட்டாசல், தார்சா, வளவு என்று வீடு சார்ந்த நம் ஊர்ச் சொற்கள் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். அடைப்புக்குறியில் பொருள் போட வேண்டியதில்லை, கதையின் கடைசியில் அருஞ்சொற்பொருளும் வேண்டியதில்லை. அந்தச் சொல்லை ஒரு செயலோடு சேர்த்துவிட்டால் போதும்.

இதைக் கண்டுபிடிக்க உள்ளூர் வாசகரால் முடியாது. எழுத்தில் விடுபட்டதை அவர் தன் வீட்டிலிருந்து எடுத்து நிரப்பிக்கொள்வார். ஆகவே மூன்று வாசகரில் ஒருவராவது நம் பக்கம் வந்தே இராதவராக இருக்கட்டும்; தஞ்சாவூரில் கட்டிக்கொடுத்த அக்காவின் நாத்தனாராக இருந்தாலும் சரி.

உள்ளூர்க்காரர் பிடிப்பது வேறொன்று. ஒரே ஆள் ஒரு வரியில் ‘வந்தாவ’ என்றும் அடுத்த வரியில் ‘வந்தாக’ என்றும் பேசினால் வெளியூர்க்காரர் கவனிக்கவே மாட்டார். இங்கே பேச்சு ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு மாறுகிறது. ராதாபுரம் பக்கத்து ஆளுக்குச் சங்கரன்கோவில் பேச்சைக் கொடுத்துவிட்டால் அந்த ஆள் பொய்யாகிவிடுவான். இதற்கு அந்தந்தப் பகுதி ஆளிடமே படித்துக் காட்டி, ‘இவன் இப்படிப் பேசுவானா?’ என்று கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

சாதியைத் தொட்டு எழுதியிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். உங்கள் தெருவிலேயே மூன்று பேரிடம் கொடுத்து மூன்று பேரும் ‘சரியாத்தான் இருக்கு’ என்றால், அது போதாது. கதையில் வரும் மற்றத் தரப்பைச் சேர்ந்த ஒருவர் படிக்க வேண்டும். அவர் முகம் சுருங்கும் இடத்தில் நீங்கள் ஒரு மனிதரை எழுதாமல் ஒரு வகையை எழுதியிருப்பீர்கள். நம் மாவட்டத்தில் இந்த உரையாடல் சுலபமில்லை. கேட்கத் தயக்கமாகத்தான் இருக்கும். கேட்டுத்தான் ஆக வேண்டும்.

சொல்வதைக் கேட்கும் முறை

வாசகர் பேசும்போது நீங்கள் பேசக் கூடாது. ‘இல்ல அண்ணாச்சி, நான் என்ன சொல்ல வந்தேன்னா’ என்று ஆரம்பித்தால் அவர் உடனே ‘ஓ, அப்படியா, சரி சரி’ என்று நிறுத்திக்கொள்வார். அதோடு உண்மை நின்றுபோகும். எழுதிக்கொள்ளுங்கள், நன்றி சொல்லுங்கள், காப்பி வாங்கிக் கொடுங்கள்.

வீட்டுக்கு வந்து குறிப்புகளைப் பிரியுங்கள். தகவல் பிழை என்றால் அன்றே திருத்துங்கள். இலை நனைக்கும் விஷயத்தில் விவாதத்துக்கு இடமில்லை. ஒருவர் மட்டும் சொன்ன ரசனைக் கருத்தை ஒதுக்கி வைக்கலாம். இரண்டு பேர், ஒருவரை ஒருவர் கலக்காமல், ஒரே இடத்தைக் காட்டினால் அங்கே நிச்சயம் ஏதோ இருக்கிறது.

ஆனால் அவர்கள் சொல்லும் மருந்தை அப்படியே சாப்பிட வேண்டியதில்லை. செல்வி கதையில் மூன்றாம் பக்கத்தில் அவளுடைய அப்பாவின் பழைய கதை வருகிறது. நூலகத்துக்காரர் ‘அப்பா கதையை எடுத்துடுங்க’ என்கிறார். எழுதுகிற நண்பர் ‘அப்பாவைப் பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லணும்’ என்கிறார். ஒன்றுக்கொன்று முரண் என்று குழம்பாதீர்கள். இரண்டு பேரும் மூன்றாம் பக்கத்தில்தான் கைவைக்கிறார்கள். போய்ப் பார்த்தால், அந்த ஒன்றரைப் பக்கத்தில் செல்வியே இல்லை. அவள் சுளகை மடியில் வைத்துக்கொண்டு, நூலைச் சுற்றிக்கொண்டே அப்பாவை நினைக்கிறாள் என்று எழுதினால் எதையும் வெட்ட வேண்டாம், கூட்டவும் வேண்டாம். வாசகர் காட்டுவது இடம். வழி கண்டுபிடிப்பது எழுதுகிறவரின் வேலை.

எல்லாரும் குறை சொல்லியும் உங்கள் மனம் ஒப்பாத ஒரு இடம் இருந்தால் அதை அப்படியே விடுங்கள். ஒரு கதைக்கு அப்படி ஒரு இடம் இருக்கலாம். பக்கத்துக்குப் பக்கம் இருந்தால் நீங்கள் இன்னும் கேட்கத் தொடங்கவில்லை என்று பொருள்.

மறுபடி அனுப்புவது

திருத்திய கதையை ஒரு மாதம் வைத்திருந்து, ஒரு முறை படித்துவிட்டு அனுப்புங்கள். முதலில் மறுத்த இதழுக்கே, அவர்கள் கேட்காமல், திருத்திய வடிவத்தை அனுப்ப வேண்டாம்; அவர்களுக்கு அடுத்த கதையை அனுப்பலாம். எந்த இதழாக இருந்தாலும் சமீபத்திய மூன்று நான்கு இதழ்களையாவது படித்துவிட்டு அனுப்புங்கள். நூலகத்தில் கிடைக்கும், இணைய இதழ்களில் காசே இல்லாமல் படிக்கலாம். அவர்கள் போடுகிற கதைகளின் பக்கத்தில் உங்கள் கதையை வைத்துப் பார்த்தால் பொருந்துமா என்று தெரியும்.

ஐந்தாறு இடங்களிலிருந்து திரும்பி வந்த கதையை எடுத்து வைத்துவிடுங்கள். அழிக்க வேண்டாம். இரண்டு வருஷம் கழித்து அதிலிருந்து ஒரு பக்கம் வேறொரு கதைக்குள் வந்து உட்காரும்.

மறுப்பால் சோர்ந்திருக்கும் நேரத்தில்தான் ‘பணம் கட்டினால் புத்தகம் போட்டுத் தருகிறோம்’ என்ற அழைப்பு வரும். சொந்தக் காசில் புத்தகம் போடுவதில் தவறில்லை. கண்ணைத் திறந்துகொண்டு போட வேண்டும். எத்தனை பிரதி அச்சாகும், எத்தனை உங்கள் கைக்கு வரும், மெய்ப்பு யார் பார்ப்பார்கள், விற்பனை யார் பொறுப்பு, உரிமை யாரிடம் இருக்கும் என்பதை எழுத்தில் வாங்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். உங்கள் கதைகளில் எது பலவீனம் என்று ஒரு வார்த்தை கூடச் சொல்லாமல் எல்லாவற்றையும் அச்சிட ஒப்புக்கொள்கிறவர் அதைப் படித்திருக்க மாட்டார்.

சிறு குழு ஒன்று

இதையெல்லாம் தனியாகச் செய்வதைவிட நான்கைந்து பேர் சேர்ந்து செய்வது சுலபம். பேராசிரியர் நா. வானமாமலை பாளையங்கோட்டையில் நடத்திய நெல்லை ஆய்வுக் குழுவில், எழுதிய கட்டுரையை முதலில் நண்பர்கள் நடுவே படித்து, விவாதத்துக்கு உட்படுத்துவார்கள். ஆராய்ச்சிக்கு அவர்கள் செய்ததைக் கதைக்கு நாம் செய்யலாம்.

ஆறு பேருக்கு மேல் வேண்டாம். மாதம் ஒரு கூட்டம், ஒரே ஒரு கதை. பிரதி ஒரு வாரம் முன்னதாக எல்லோர் கைக்கும் போய்விட வேண்டும். அங்கே வந்து முதல்முறை படிப்பவர் மேலோட்டமாகத்தான் பேசுவார். தொடக்கத்தில் எழுதியவர் அல்லாத ஒருவர் ஒரு பக்கம் உரக்க வாசிக்கட்டும். பிறகு ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த ஓர் இடத்தையும், கீழே வைத்த ஓர் இடத்தையும் பக்க எண்ணோடு சொல்ல வேண்டும். வயதில் சிறியவர் முதலில் பேசட்டும். மூத்தவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் அதையே திருப்பிச் சொல்வார்கள். எழுதியவர் கடைசியில் பேசலாம், ஐந்து நிமிஷம். ஆளைப் பற்றிய பேச்சு, எழுதியவரின் சாதி, கட்சி பற்றிய பேச்சு வந்தால் கூட்டத்தை நடத்துபவர் உடனே நிறுத்த வேண்டும்.

அங்கே சொன்னது வெளியே போகக் கூடாது என்பதை முதல் கூட்டத்திலேயே பேசி முடிவு செய்துவிடுங்கள். கலையும் முன் அடுத்த மாதம் யாருடைய கதை, எந்த ஞாயிறு, பிரதி எடுக்கும் செலவு யாருடையது என்பதையும் பேசி, ஒருவர் நோட்டில் எழுதிக்கொள்ளட்டும்.